குடும்பம் பிரிந்த ஞாயிற்றுக்கிழமை

என் சித்தப்பா எதை ஆரம்பித்தாலும் முதலில் ஒரு நோட்டு வாங்குவார். யோகாசனத்துக்கு ஒரு நோட்டு, வயலினுக்கு ஒரு நோட்டு, மொத்தம் ஆறே நாள் நடந்த காளான் வளர்ப்புக்கு இருநூறு பக்க நோட்டு. ஒவ்வொன்றிலும் முதல் நாலைந்து பக்கம் முத்து முத்தாக எழுதியிருக்கும். மிச்சப் பக்கங்கள் என் பள்ளிக்கூடக் கணக்குக்கு வந்து சேரும். அதனால் சித்தப்பா புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார் என்றால் வீட்டில் மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள், நான் மட்டும் பென்சிலைச் சீவி வைத்துக்கொள்வேன்.

எனக்குப் பத்து வயதானபோது அவர் தேனீ வளர்க்கத் தீர்மானித்தார். எங்கள் மலையாள ஊரின் ஓரத்தில், கழக்கூட்டத்தில், ஒரு கம்பெனியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உயிருள்ள எதையாவது பார்க்க வேண்டும் போல இருந்திருக்கும். மார்த்தாண்டத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, "தேனீச்சை பரிசீலனத்துக்குப் போறேன் மன்னி" என்று அம்மாவிடம் சொன்னார். மலையாளத்தில் பரிசீலனம் என்றால் பயிற்சி. அம்மா தமிழில் பதில் சொன்னாள்: "நன்னா பரிசீலனை பண்ணு. வாங்கிண்டு மட்டும் வந்துடாதே."

வாங்கிக்கொண்டுதான் வந்தார். விடியற்காலை முதல் பஸ்ஸில், மடியில் பெட்டியை வைத்து, அதன் வாசலைத் துணியால் அடைத்து, மேலே ஒரு வேட்டியைப் போர்த்தி. பெட்டி உள்ளேயிருந்து விடாமல் ரீங்காரம் போட்டிருக்கிறது. என்ன என்று கேட்ட கண்டக்டரிடம் சுருதிப் பெட்டி என்று சொல்லிவிட்டார். கண்டக்டர் பாறசாலை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "சாரே, அதொந்நு ஓஃப் செய்யாமோ?" என்று கேட்டாராம். ஆஃப் செய்ய முடியாத சுருதிப் பெட்டியோடு சித்தப்பா கிழக்கேகோட்டையில் வந்து இறங்கினார்.

எங்கள் வீடு கோட்டைக்குள் இருந்த அக்கிரகாரத் தெருவில். இந்த வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுச் சுவரும். வெளிச்சமும் காற்றும் முன்னாலிருந்து கொஞ்சம், கொல்லையிலிருந்து கொஞ்சம் வரும். நடுவில் மாட்டிக்கொண்ட அடுக்களைக்கு இரண்டுமே கிடையாது. கூரையில் பதித்த ஒரே ஒரு கண்ணாடி ஓடுதான் அதற்கு ஜன்னல், சூரியன் எல்லாம். அம்மா அங்கே காலை ஐந்தரைக்குப் போனால் பத்து மணிக்கு வேர்வையில் முழுக்க நனைந்து வெளியே வருவாள். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, நான், சித்தப்பா, அந்த வைகாசியில் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சித்தி.

சித்திக்கு எங்கள் வீட்டுத் தமிழ் பிடிபட நாளாயிற்று. பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் நாங்கள் மலையாளத்துக்காரர்களைப் போல "சாரமில்லை" என்போம். முதல் வாரம் ரசத்தில் உப்பு தூக்கலாகிவிட்டது என்று சித்தி பயந்துகொண்டே வந்து சொன்னபோது, அம்மா ஆதரவாகத்தான் "சாரமில்லை" என்றாள். தன் ரசத்தில் சாரமே இல்லை என்று சொல்கிறாள் என நினைத்துச் சித்தி கிணற்றடியில் போய் அழுதாள். அந்த ஒரு சொல்லை விளக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

கொல்லையில், கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே பெட்டி ஒரு ஸ்டாண்டில் ஏறியது. எறும்பு ஏறாமல் இருக்க ஸ்டாண்டின் நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும். அம்மாவின் பாயசக் கிண்ணங்களில் நாலு காணாமல் போயின. மழை தொடங்கியது. நம் ஊர் மழையில் தேனீக்கு வெளியே போகவும் முடியாது, போனாலும் பூவில் ஒன்றும் இருக்காது. ஆகவே சித்தப்பா வாரம் இரண்டு முறை சர்க்கரைப் பாகு காய்ச்சி உள்ளே வைத்தார்.

"தேன் தரும்னு சொல்லி வாங்கிண்டு வந்தது. இப்போ நம்மாத்து சக்கரையைன்னா தின்னுண்டிருக்கு" என்றாள் அம்மா.

மழை விட்டால் வெயில். வேர்த்து ஒழுகுகிற நம் ஊர் வெயிலில் தேனீக்களும் தாங்காமல் பெட்டிக்கு வெளியே வந்து தாடி மாதிரி தொங்கும். சித்தப்பா பதறிப்போய் ஒரு பெரிய கறுப்புக் குடையைப் பெட்டிக்கு மேல் கட்டினார். அம்மா அடுக்களை வாசலில் நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி அதைப் பார்த்தாள். "பதினொரு வருஷமா இந்த அடுக்களைல வெந்துண்டிருக்கேன். எனக்கு ஒரு ஃபேன் வெக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல்லை. அதுக்குக் கொடை, கேட்டயா" என்று என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். அம்மா எது சொன்னாலும் அப்போது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

இதற்கிடையே நோட்டு நிரம்பிக்கொண்டே வந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு பெட்டித் தேனீக்களைக் குடும்பம் என்றுதான் சொல்வார்கள். எத்தனை பெட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்பதில்லை, எத்தனை குடும்பம் என்றுதான் கேட்பார்கள். பயிற்சி கொடுத்தவர் ராணித் தேனீக்களைத் தம் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசுவதுபோல மூத்தவள், இளையவள் என்பாராம். சித்தப்பாவும் சிரத்தையாக அப்படியே எழுதிவைத்தார். இந்த விவரம் எல்லாம் எனக்குத் தெரியும், நான்தான் அவருடைய உதவியாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. அவர்கள் அந்தப் பெட்டியை "அது" என்று மட்டும்தான் சொல்வார்கள்.

அப்பாவிடம் ஒரு சட்டம் இருந்தது. பள்ளியில் எனக்கு மலையாளம்தான் என்பதால், தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் தமிழில் ஒரு பத்தி உரக்கப் படிக்க வேண்டும். எதை வேண்டுமானாலும் படிக்கலாம். காலண்டர்த் தாள், பழைய வாரப் பத்திரிகை, அப்பளக் கட்டின் மேல் ஒட்டியிருப்பது. படித்தால்தான் தட்டு விழும். கார்த்திகை மாதம் ஒரு நாள் சித்தப்பாவும் சித்தியும் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தார்கள். பத்திரிகையைத் தேடினால் காணவில்லை, சித்தப்பா அதை மடித்துப் பெட்டியின் மூடிக்கு அடியில் விரித்துவிட்டிருந்தார். பசி வேறு. நான் அவருடைய நோட்டையே எடுத்துக்கொண்டு வந்து, கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்து, விரல் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"குடும்பம் பெருகிவிட்டது. இடம் போதவில்லை. மூத்தவளும் இளையவளும் ஒரே இடத்தில் ஒத்துப்போக மாட்டார்கள். மூத்தவளுக்கு உழைப்புக் குறைந்துவிட்டது. சர்க்கரைச் செலவு அதிகம். தை பிறப்பதற்குள் குடும்பத்தைப் பிரித்துவிட வேண்டும். தானாகப் போகட்டும் என்று விட்டால் நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்."

ஒரு தப்புகூட இல்லை. 'ஒத்துப்போக மாட்டார்கள்' என்பதைக்கூட ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நிற்கிறாள். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யார் எழுதினது?"

"சித்தப்பா."

"அவன் கையெழுத்தா?"

"ஆமாம்ப்பா. நன்னாப் படிச்சேனா?"

"நன்னாப் படிச்சே" என்றார் அப்பா. அன்று எனக்கு இரண்டு அப்பளம் கிடைத்தது.

என் அப்பா அரசாங்க ஆபீஸில் ஃபைல் பார்ப்பவர். எந்த விஷயத்தையும் ஒருவர் இன்னொருவரிடம் நேராகப் போய்க் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், ஆனால் ரோஷம் விடாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து, தம்பி சொல்லிப் போவதற்கு முன் நாமே கௌரவமாகப் போய்விடுவது என்று முடிவுசெய்தார்கள். இது எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் திடீரென்று மரியாதை கூடிவிட்டது என்பதுதான். அம்மா சித்திக்கு முதலில் பரிமாறினாள். என்ன கூட்டு வைக்கட்டும் என்று சித்தி கேட்டால், "உனக்கு எது சௌகரியமோ அதை வை, உன் ஆத்துல உன் இஷ்டம்தானே" என்பாள். சித்தி ஒவ்வொரு முறையும் வெலவெலத்துப்போய், தான் என்ன தப்புச் செய்தோம் என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். ரசமாக இருக்கும் என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைக் கழக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ஆபீஸ் சிநேகிதருக்கு வீடு பார்க்கிறோம் என்றார். நாலாவது மாடியில் ஒரு காலி ஃபிளாட். அப்பா குழாய்களைத் திறந்து திறந்து மூடினார். அம்மா நேரே அடுக்களைக்குப் போனாள். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. அகலமான ஜன்னல், கீழே தென்னை மரங்கள், அதற்கப்பால் ஹைவேயில் லாரிகள். அதன் வழியாகக் காற்று உள்ளே வந்து அம்மாவின் நெற்றி மயிரைக் கலைத்தது. "காத்து வரது" என்றாள், யாரிடமும் சொல்லாமல். பிறகு கைப்பையிலிருந்து பூத்தொடுக்கிற வெள்ளை நூலை எடுத்து, அடுப்பு மேடையை அளந்து ஒரு முடிச்சுப் போட்டாள். ஜன்னலை அளந்து ஒரு முடிச்சு. அலமாரிக்கு ஒன்று. மூலையில் ஓர் இடத்தை அளந்து, "அண்டா இங்க வெக்கலாம்" என்று சொல்லி இன்னொன்று.

"எதுக்கும்மா அளக்கறே?"

"அந்த மாமிக்கு அளவு சொல்ல வேண்டாமா?"

அடுத்த சனிக்கிழமை அப்பா இல்லாமலே, பஸ் ஏறி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் மறுபடி போனோம். வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போய் அம்மா எதையும் அளக்கவில்லை. ஜன்னலண்டை நின்றாள், அவ்வளவுதான். நான் லிஃப்டில் ஏழு தடவை ஏறி இறங்கினேன். அந்த மாமி எவ்வளவு கொடுத்துவைத்தவள் என்று திரும்பி வரும்போது அம்மாவிடம் சொன்னேன்.

"ஆமா" என்றாள் அம்மா.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் தம்பியிடம் சொல்லிவிடுவது என்று அப்பா தீர்மானித்திருந்தார். அம்மா காலையிலேயே தன் பெயர் வெட்டிய பாத்திரங்களை எல்லாம் பொறுக்கி எடுத்துக் கொல்லையில் போட்டுப் புளி தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டில் கொடுத்த பெரிய பித்தளை அண்டாவைத் தேய்த்து, காய்வதற்காக இரண்டு செங்கல்லின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, மோர் கடைய உள்ளே போனாள். முதல் நாள் மழை பெய்து அன்று பளீரென்று வெயில். பத்து மணி இருக்கும்.

பெட்டியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அதுவரை நான் கேட்டிராத சத்தம். வாசல் வழியாகத் தேனீக்கள் கொட்டுகிற மாதிரி வெளியே வந்தன. கொல்லை முழுவதும் அவைதான், வானம் புள்ளி புள்ளியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கிணற்றுக்கு மேல் சுற்றிவிட்டு, யாரோ வழி சொன்னதுபோல இறங்கி, செங்கல் இடுக்கு வழியாக அம்மாவின் அண்டாவுக்குள் போக ஆரம்பித்தன.

சித்தப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தார். ஆறு மாதம் நோட்டில் எழுதிவைத்தது கண் முன்னால் நடக்கிறது. துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு கத்தினார்: "மன்னி! அண்ணா! ஓடி வாங்கோ! குடும்பம் பிரிஞ்சுடுத்து! மூத்தவ கெளம்பிட்டா!"

அம்மா மத்தோடு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"கெளம்பத்தான் போறேன்! நாளைக்கே கெளம்பறேன். அதுக்கு இப்படித் துண்டை வீசிக் கூத்தாடணுமா? பதினொரு வருஷம் உனக்குப் பொங்கிப் போட்டிருக்கேனேடா!"

"மன்னி, மெல்ல, மெல்ல. அண்டாவண்டை போகாதேங்கோ. அது இனிமே அவாளோடதாக்கும்."

"யாரோடது? எங்கப்பா வாங்கிக் குடுத்த அண்டா! எம் பேர் வெட்டியிருக்கு!"

"பேர் இருந்தா என்ன மன்னி, உள்ள போயி இருந்துட்டாளே!"

சித்தி அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பாவோ, ஃபைல் ஒன்று முன்னறிவிப்பு இல்லாமல் மேஜைக்கு வந்துவிட்ட அதிர்ச்சியில் வாசற்படியிலேயே நின்று, "நாங்களே பதிமூணாம் தேதி போறதாத்தான் இருக்கோம். நல்லது ஒண்ணையும் எடுத்துண்டு போக மாட்டோம். நீ கவலைப்பட வேண்டாம்" என்றார். சித்தப்பா துண்டை இறக்கினார். "எங்க போறேள்?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருக்குமே விளங்கவில்லை. எனக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்கிற பெருமை பொங்கியது.

"அப்பா, அதான் அன்னிக்கு நான் படிச்சேனே! தேனீச்சை நோட்டு! மூத்தவ பழைய ராணி, எளையவ புது ராணி. புது ராணி பொறக்கறச்சே பழசு பாதிக் குடும்பத்தைக் கூட்டிண்டு போயிடும்!"

அப்பா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் ஒரு தேனீ அவர் காது நுனியில் கொட்டியது. அவர் போட்ட சத்தத்தில் முதலில் சிரித்தது சித்தி. பிறகு சித்தப்பா. அவருக்கு விஷயம் ஒவ்வொரு வரியாகப் புரியப் புரிய, "சக்கரைச் செலவா? ஐயோ மன்னி, சக்கரைச் செலவா?" என்று சொல்லிச் சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவள் அம்மாதான். கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்து, மறுபடி சிரித்து, மறுபடி துடைத்தாள். வீட்டை விட்டுப் போக வேண்டாம் என்று ஆனதில் அம்மாவுக்கு எத்தனை சந்தோஷம் என்று நான் நினைத்தேன்.

பிறகு வேலை நடந்தது. சித்தப்பா ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். அண்டாவில் இருந்ததை அதில் உதறிக் குடியேற்றுவதற்கு முன், அவர்களுக்குப் பிடிப்பு உண்டாக, பழைய பெட்டியிலிருந்து புழுக்கள் உள்ள ஒரு தேனடையை எடுத்து வைக்க வேண்டும். அந்த வெயிலில் மெழுகு இளகிப்போய், தூக்கும்போதே அடை மரச் சட்டத்தைவிட்டு முறிந்து விழுந்தது. "நூல்! அடையைச் சட்டத்தோட சேத்துக் கட்டணும். யாராவது நூல் கொண்டு வாங்கோ!" என்று சித்தப்பா அலறினார்.

நூல் எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். அம்மாவின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், ஒரு பவுடர் டப்பாவுக்குள். ஓடிப் போய் எடுத்து வந்தேன்.

"முடிச்சு இருந்தா அடைல மாட்டிக்கும். அவுத்துக் குடு, சீக்கிரம்."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவிழ்த்தேன். இரண்டு முடிச்சு நகத்துக்கு வந்தது. மற்ற இரண்டும் இறுகிக் கிடந்தன, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாவதில் இருக்கும்போது அம்மா என்னைப் பார்த்தாள். பாத்திரங்களைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தவள், ஒவ்வொரு கையிலும் ஒரு பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

"அதுவா எடுத்தே?"

"வேற நூல் கெடைக்கல்லைம்மா. அந்த மாமிக்கு இனிமே வேண்டாமே?"

அம்மா என் மடியில் கிடந்த நூலைப் பார்த்தாள்.

"சாரமில்லை" என்றாள் பிறகு. "அவுத்துக் குடு." உள்ளே போனாள்.

நான் இப்போது கழக்கூட்டத்தில் இருக்கிறேன். அந்த ஃபிளாட் இல்லை, ஆனால் அதே ஹைவேதான். அம்மா வந்தால் கூடத்தில் உட்கார மாட்டாள், காப்பியை எடுத்துக்கொண்டு அடுக்களை ஜன்னலண்டை போய் நின்றுவிடுவாள். "காத்து வரது" என்பாள். பின்னால் நின்று அவளைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். போகச் சொல்லப்போகிறார்கள் என்று ராத்திரியில் அழுதுவிட்டு வீடு பார்க்கக் கிளம்பியவள் அந்த ஜன்னலைப் பார்த்த பிறகு அழவே இல்லை என்பது ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாமல் போயிற்று. படித்துக் காட்டி அவளை அனுப்பியதும் நான், விளக்கிச் சொல்லித் திரும்ப அழைத்து வந்ததும் நான். இரண்டு முறையும் பெருமையோடு செய்தேன்.

புதுக் குடும்பம் நன்றாக நிலைத்துவிட்டது. ஐந்தாறு நாளில் முறிந்த அடையைத் தேனீக்களே சட்டத்தோடு ஒட்டவைத்துவிட்டன. ஒட்டியதும், கட்டியிருந்த நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து வாசல் வழியாக வெளியே தள்ளத் தொடங்கின. ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது, அம்மா கொல்லை பெருக்குகிற துடைப்பத்தோடு அந்தப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கீழே சிமெண்டில் வெள்ளை வெள்ளையாக நூல் துணுக்குகள்.

எனக்கு இந்தப் பாடமும் தெரியும். நோட்டில் படித்திருந்தேன்.

"வேலை முடிஞ்சுடுத்து இல்லையாம்மா, அதுகளுக்கு இனிமே நூல் வேண்டாம். அதான் தள்ளறதுகள்" என்றேன்.

"அப்படியா" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இலைச் சருகோடு சேர்த்து அதையும் பெருக்கினாள். அம்மாவுக்கும் கடைசியில் தேனீ வளர்ப்பில் ஆர்வம் வந்துவிட்டது என்று நான் சித்தப்பாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.